பழைய காரின் மின்விசிறி சுழலாவிட்டால்: படிப்படியாகப் பழுதறிவோம்

இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய பல குடும்பங்களுக்கு இன்று ஒரு பழைய கார் ஆடம்பரப் பொருள் அல்ல. விடியப் பிடுங்கிய கீரையையும் கத்தரிக்காயையும் சந்தைக்குக் கொண்டு போவது அதுவே. இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுவே. நகையை விற்றோ, இரண்டு மூன்று குடும்பங்கள் காசு சேர்த்தோ வாங்கிய காராக அது இருக்கலாம். அதன் எஞ்சின் ஒரு நாள் கொதித்து ஹெட் காஸ்கற் எரிந்தால், ஒரு போகத்து வருமானமே அதற்குப் போய்விடும்.

பெரிய செலவைக் கொண்டுவரும் இந்தப் பழுது, பல வேளைகளில் ஒரு சிறிய பியூசிலோ துருப்பிடித்த ஒரு வயர் முனையிலோதான் தொடங்குகின்றது. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒழுங்குமுறையும் பொறுமையும் போதும். இப்பாடத்தில் றேடியேற்றர் மின்விசிறியின் பழுதை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து அறியும் முறையைக் கற்போம்.

1. மின்விசிறி எதற்கு?

யாழ்ப்பாணத்தில் 1990 களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களை எம்மிற் பலர் அறிவோம். அவற்றின் விசிறியை எஞ்சினே ஒரு பட்டியால் சுழற்றும். எஞ்சின் ஓடும்வரை விசிறியும் சுழலும். எமது நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் இதே முறைதான்.

பின்னர் வந்த சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டு முன் சில்லுகளை ஓட்டுகின்றது. 1983 இல் இந்தியாவில் வெளிவந்த மாருதி 800, முன் சில்லுகளால் ஓடும் நிசான் சன்னி, டொயோட்டா கொறோலா வகைகள் என்பன இத்தகையவை. எஞ்சினின் பட்டி பக்கவாட்டிலும் றேடியேற்றர் முன்பக்கத்திலும் இருப்பதால், பட்டியால் விசிறியைச் சுழற்றுவது கடினம். ஆகவே பற்றறி மின்சாரத்தில் ஓடும் தனி மோட்டார் வைக்கப்பட்டது.

இந்த விசிறி எந்நேரமும் சுழல்வதில்லை. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிராக்கும். கார் நிற்கும்போதும், மெதுவாக ஊரும்போதும், பாரத்துடன் மணலில் இழுக்கும்போதும் அந்தக் காற்று போதாது. அப்போது தண்ணீரின் சூடு ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியசுக்குள் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் விசிறி தொடங்கும். சில பாகை குறைந்ததும் நிற்கும். சரியான அளவு காருக்குக் கார் வேறுபடும்.

2. மின்சாரம் செல்லும் பாதை

வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? கிணற்றடியிலிருந்து பாத்திவரை நடந்து, எங்கே உடைப்பு என்று பார்ப்போம். மின்சாரத்தையும் அவ்வாறே தேட வேண்டும். பாதையை முதலில் அறிந்துகொள்வோம்.

பற்றறி: மின்சாரம் இங்கிருந்தே புறப்படுகின்றது.

பியூஸ்: அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் தான் எரிந்து வயரைக் காப்பது.

றிலே: சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பெட்டி. மிகப் பழைய சில கார்களில் இது இருப்பதில்லை.

வெப்பச் சுவிச்: கராச்சில் ‘தேமோ சுவிச்’ என்பார்கள். றேடியேற்றரின் அடியிலோ பக்கத்திலோ, அல்லது எஞ்சினில் தண்ணீர்க் குழாய் தொடங்கும் இடத்திலோ திருகப்பட்டிருக்கும். தண்ணீரின் சூட்டை உணர்ந்து விசிறிக்குக் கட்டளையிடுவது இதுவே.

மோட்டார்: விசிறி இதழ்களைச் சுழற்றுவது.

ஏர்த்: மின்சாரம் காரின் உடலூடாகப் பற்றறிக்குத் திரும்பும் வழி. புறப்படும் பாதை நன்றாக இருந்தாலும் திரும்பும் பாதை அறுந்தால் விசிறி சுழலாது. பலர் மறந்துவிடும் இடம் இதுதான்.

3. முதலிற் பாதுகாப்பு

பின்வருவனவற்றைக் காரைத் தொடும் எல்லோரும் மனதில் இருத்த வேண்டும்.

சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே அமுக்கத்தில் இருக்கின்றது. அதனாலேயே அது 100 பாகையிலும் கொதிக்காமல் இருக்கின்றது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைந்து, தண்ணீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்திலும் மார்பிலும் பாயும். குறைந்தது அரை மணித்தியாலம் ஆறவிட்டு, றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லாதபோது தடித்த துணியால் மூடி மெதுவாகத் திருகுங்கள்.

எஞ்சின் நின்ற பின்னரும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும். கையை உள்ளே விடுமுன் பற்றறியின் எதிர் முனை வயரைக் கழற்றுங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, நீண்ட கூந்தல் என்பன அருகில் வரக் கூடாது. பொனற்றைத் திறந்த காருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடக் கூடாது.

பற்றறியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அதன் அருகே பீடி, நெருப்பு, தீப்பொறி வேண்டாம்.

கூலன்ற் எனப்படும் நிறத்திரவம் பெரும்பாலும் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் பிள்ளைகளும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. கழற்றியதை முற்றத்திலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கலனில் எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கராச்சில் ஒப்படையுங்கள்.

இந்தப் பாடம் பழைய கார்களுக்கே உரியது. கணினிப் பெட்டியால் விசிறியைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் வயர்களைத் தொடுத்துச் சோதித்தால் அப்பெட்டி பழுதாகலாம்.

4. பழுது விசிறியில்தானா?

கார் எப்போது சூடேறுகின்றது என்பதே முதற் கேள்வி. இதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஓடும்போது ஊசி நடுவில் நின்று, சந்தை வாசலிலும் புகையிரதக் கடவையிலும் நிற்கும்போது மட்டும் மேலே ஏறினால், விசிறியையே சந்தேகிக்க வேண்டும். மறுபடி ஓடத் தொடங்கியதும் ஊசி இறங்கினால் சந்தேகம் மேலும் உறுதியாகும்.

மாறாக, நல்ல வேகத்தில் ஓடும்போதே சூடேறினால் விசிறி காரணமல்ல. தண்ணீர் குறைந்திருக்கலாம், றேடியேற்றர் அடைத்திருக்கலாம், தேமோஸ்ரற் திறவாமல் இருக்கலாம், தண்ணீர்ப் பம் பழுதாகியிருக்கலாம், காஸ்கற் எரிந்திருக்கலாம்.

எதற்கும் முதலில், எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் வெப்பச் சுவிச் தண்ணீரில் அல்லாமல் ஆவியில் அல்லது வெற்றிடத்தில் நிற்கும். எஞ்சின் கொதிக்க, சுவிச் அதை அறியாதிருக்கும். அதேபோல் தேமோஸ்ரற் மூடியபடி இறுகினால் சூடான தண்ணீர் றேடியேற்றருக்கு வராது. ஊசி மேலே நிற்க றேடியேற்றர் குளிராக இருந்தால் இதை நினையுங்கள். இங்கே விசிறி சுழலாதது விசிறியின் குற்றமன்று.

5. சோதனை விளக்கு

வீட்டிலேயே செய்யக்கூடிய கருவி இது. பழைய காரின் சிறு விளக்கிலிருந்து 12 வோல்ற், 5 வாற் பல்ப் ஒன்றை எடுங்கள். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு மீற்றர் நீளமான வயரை இணைத்து ஒட்டுப்பட்டி சுற்றுங்கள். ஒரு வயரின் மறுமுனையில் கவ்வியையும் மற்றதில் ஊசி போன்ற கூர் முனையையும் பொருத்துங்கள்.

பயன்படுத்துமுன் பற்றறியின் இரு முனைகளிலும் தொட்டு, விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். எரியாத விளக்கால் சோதித்தால் நல்ல வயரையும் பழுதென்று நினைத்து விடுவோம்.

இதனுடன் சற்றுத் தடித்த வயர் இரண்டு துண்டுகள், 20 அம்பியர் பியூஸ் ஒன்று, உப்புத்தாள், குறடு என்பன போதும்.

6. படிப்படியான சோதனை

எஞ்சின் குளிராக இருக்கும்போது தொடங்குங்கள். ஒரு படியையும் பாயாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலாம் படி: கையால் சுழற்றுதல். பற்றறியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அது இலகுவாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் மோட்டாரின் தாங்கி துருப்பிடித்திருக்கலாம், அல்லது வைக்கோல், சாக்கு நூல், கல் ஏதும் சிக்கியிருக்கலாம். இதழ் உடைந்துள்ளதா என்றும் பாருங்கள். பின்னர் பற்றறி முனைகளின் வெண்பூஞ்சையைச் சுத்தம் செய்து வயரை மீண்டும் இறுக்கமாகப் பூட்டுங்கள்.

இரண்டாம் படி: பியூஸ். பியூஸ் பெட்டியில் விசிறிக்குரிய பியூசைக் கண்டுபிடியுங்கள். பெட்டியின் மூடியில் படம் இருக்கும். சாவியைத் திருப்பி, சோதனை விளக்கின் கவ்வியைக் காரின் வெறும் இரும்பிற் கவ்வி, கூர் முனையால் பியூசின் இரு பக்கங்களையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் எரிந்துள்ளது. இரண்டிலும் எரியாவிட்டால் பியூசுக்கே மின்சாரம் வரவில்லை.

எரிந்த பியூசுக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். செப்புக் கம்பியோ சிகரெற் தாளோ சுற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். வயர் முழுவதும் எரிந்து காரே தீப்பற்றலாம். புதிய பியூஸ் போட்டவுடன் எரிந்தால் எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து இரும்பிற் படுகின்றது. சிறிது நேரம் ஓடிய பின்னர் எரிந்தால் மோட்டார் இறுகிக் கூடுதல் மின்சாரம் இழுக்கின்றது.

மூன்றாம் படி: மோட்டாரை நேரடியாக ஓட்டுதல். மோட்டாரின் வயர் இணைப்பைக் கழற்றுங்கள். மோட்டார்ப் பக்கத்து இரு முனைகளுக்கும் தடித்த வயர்களைப் பொருத்துங்கள். நேர் முனைக்குப் போகும் வயரின் இடையில் 20 அம்பியர் பியூசை வையுங்கள். கைகளை விலக்கிக்கொண்டு, வயர்களைப் பற்றறியில் தொடுங்கள்.

விசிறி வேகமாகச் சுழன்றால் மோட்டார் நல்லது. சுழலாவிட்டால் மோட்டாரின் உடலில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளேயுள்ள கரித்துண்டுகள் தேய்ந்துள்ளன. அது இன்னும் சில நாட்கள் ஓடலாம். ஆனால் நம்ப முடியாது. மின்வேலை செய்யும் கடையிற் கரித்துண்டுகளை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டாலே வேறு மோட்டார் தேவை.

நேர், எதிர் வயர்களை மாற்றித் தொடுத்தால் இவ்வகை மோட்டார் பெரும்பாலும் எதிர்ப்புறமாகச் சுழலும். ஆகவே எந்த வயர் எதற்கு என்று கழற்றுமுன் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: வெப்பச் சுவிச். மோட்டாரின் இணைப்பை மீண்டும் பூட்டுங்கள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். இப்போது வெப்பச் சுவிச்சின் வயரைக் கழற்றுங்கள்.

இங்கே இரண்டு வகை உண்டு என்பதை அறிதல் முக்கியம். ஒரு வகையில், சூடேறியதும் சுவிச் மூடி மின்சாரத்தை விடும். மற்ற வகையில், சூடேறியதும் சுவிச் திறந்துகொள்ளும். அதனால் றிலே விசிறியை ஓட்டும். டொயோட்டாவின் பல பழைய கார்களில் இந்த இரண்டாம் வகை உண்டு.

வயரைக் கழற்றியவுடன் விசிறி ஓடினால் அது இரண்டாம் வகை. ஓடாவிட்டால் முதலாம் வகையாகக் கொண்டு சோதியுங்கள். சுவிச்சுக்கு இரண்டு வயர்கள் வந்தால் அவ்விரண்டையும் ஒரு சிறு வயர்த் துண்டால் ஒன்றோடொன்று தொடுங்கள். அவற்றை இரும்பிற் தொடக் கூடாது. ஒரே வயர் வந்தால் அதை எஞ்சினின் வெறும் இரும்பிற் தொடுங்கள்.

இவ்வாறு செய்கையில் விசிறி ஓடினால் பியூஸ், றிலே, மோட்டார், வயர் யாவும் நல்லவை. எஞ்சியது சுவிச் மட்டுமே. விசிறி அசையாவிட்டால் ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

கவனம்: டாஷ்போட்டில் உள்ள வெப்ப ஊசிக்கு எஞ்சினில் வேறொரு சிறிய உணரி இருக்கும். அதன் வயரை இரும்பிற் தொட்டால் ஊசி முழுவதும் மேலே பாயும். அப்படியானால் பிழையான வயரைப் பிடித்துள்ளீர்கள். உடனே விலக்குங்கள்.

ஐந்தாம் படி: றிலே. சுவிச் வயர்களைத் தொடுக்கும்போது ஒருவர் றிலேயின் மேல் விரல் வைத்திருக்கட்டும். ‘டிக்’ என்ற துடிப்புத் தெரிந்தால் றிலேயின் உட்சுருள் வேலை செய்கின்றது. ஆனாலும் அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம். துடிப்பே இல்லாவிட்டால் றிலே பழுது அல்லது அதற்கு வரும் வயர் பழுது.

சோதிக்க இலகுவான வழி, அதே காரில் உள்ள அதே இலக்கமும் அதே கால்களும் கொண்ட வேறொரு றிலேயை, உதாரணமாக ஹோர்ன் றிலேயை, மாற்றிப் போடுவது. விசிறி ஓடினால் காரணம் தெரிந்துவிட்டது. கால்களின் எண்ணிக்கை ஒன்றாயினும் இலக்கம் வேறானால் மாற்றிப் போட வேண்டாம்.

ஆறாம் படி: வயரும் ஏர்த்தும். மோட்டாரின் இணைப்பைக் கழற்றுங்கள். வெப்பச் சுவிச்சின் வயர்கள் நான்காம் படியிற் போலத் தொடுக்கப்பட்டிருக்கட்டும். இரண்டாம் வகையாயின் கழற்றியபடி இருக்கட்டும். சாவி திருப்பியபடியே இருக்க வேண்டும்.

சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர் முனையில் வைத்து, மறு முனையால் இணைப்பின் நேர்ப் பக்கத்தைத் தொடுங்கள். எரிந்தால் மின்சாரம் அங்குவரை வருகின்றது. பின்னர் விளக்கின் ஒரு முனையைப் பற்றறியின் நேர் முனையில் வைத்து, இணைப்பின் ஏர்த் பக்கத்தைத் தொடுங்கள். எரிந்தால் திரும்பும் பாதையும் உண்டு. எது எரியவில்லையோ அந்தப் பக்கத்தில் பழுது.

ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. இந்தச் சிறிய விளக்குக்கு அரை அம்பியர் கூடத் தேவையில்லை. விசிறி மோட்டாருக்கோ சிறிய காரிலும் ஏழெட்டு அம்பியர் அல்லது அதற்கு மேலும் வேண்டும். அரைகுறையாகத் துருப்பிடித்த மூட்டில் விளக்கு எரியும், விசிறி ஓடாது. எனவே விளக்கு இரு பக்கமும் எரிந்தும் விசிறி ஓடாவிட்டால், இணைப்பைப் பூட்டி, மோட்டாரின் ஏர்த் முனையிலிருந்து பற்றறியின் எதிர் முனைக்கு ஒரு தடித்த வயரை நேரடியாகத் தொடுங்கள். விசிறி ஓடினால் ஏர்த் மூட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை உரசி, மீண்டும் இறுக்கிக் கிறீஸ் பூசுங்கள்.

7. ஓர் உதாரணம்

மரக்கறி ஏற்றும் பழைய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஓடும்போது சூடேறுவதில்லை. சந்தையடியில் வரிசையில் நிற்கும்போது ஊசி மேலே ஏறுகின்றது. தண்ணீர் மட்டம் சரி. ஆகவே விசிறியைப் பார்க்கின்றோம்.

விசிறி கையால் இலகுவாகச் சுழல்கின்றது. பியூசின் இரு பக்கமும் விளக்கு எரிகின்றது. பற்றறியிலிருந்து நேரடியாகத் தொடுத்தால் மோட்டார் ஓடுகின்றது. வெப்பச் சுவிச்சின் வயரைக் கழற்றினாலும், வயர்களைத் தொடுத்தாலும் விசிறி ஓடவில்லை. ஆனால் தொடுக்கும்போது றிலே துடிக்கின்றது. மோட்டார் இணைப்பில் நேர்ப் பக்கம் விளக்கு எரிகின்றது; ஏர்த் பக்கம் எரியவில்லை. கறுப்பு வயரைப் பின்தொடர்ந்து போனால், அது பூட்டப்பட்ட ஆணி துருவால் மூடியிருக்கின்றது.

மோட்டாரை மாற்றியிருந்தாலும், சுவிச்சை மாற்றியிருந்தாலும் இந்தக் கார் சரியாகியிருக்காது. செலவு மட்டும் இரட்டித்திருக்கும். தேவைப்பட்டது ஒரு துண்டு உப்புத்தாள்.

8. கழற்றிய வெப்பச் சுவிச்சைச் சோதித்தல்

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே சுவிச்சைக் கழற்றுங்கள். தண்ணீர் வெளியேறும், கீழே கலன் வையுங்கள். இரண்டு ரோர்ச் பற்றறிகள், ஒரு ரோர்ச் பல்ப், சுவிச் ஆகியவற்றை வயரால் ஒரு வட்டமாகத் தொடுங்கள். ஒரே முனையுள்ள சுவிச்சாயின் அதன் உடலை மறு முனையாகக் கொள்ளுங்கள்.

சுவிச்சின் அடிப்பகுதி மட்டும் அமிழும்படி ஒரு பழைய பேணித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். முதலாம் வகையாயின் தண்ணீர் கொதிக்கும் தறுவாயில் பல்ப் எரிய வேண்டும். ஆறும்போது அணைய வேண்டும். இரண்டாம் வகையாயின் தொடக்கத்தில் எரிந்து, சூடேறியதும் அணைய வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்தும் மாற்றமில்லாவிட்டால் சுவிச் பழுது. அந்தப் பேணியைப் பின்னர் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

புதிய சுவிச் வாங்கும்போது பழையதைக் கையிற் கொண்டு செல்லுங்கள். அதன் உடலில் பொறித்த பாகை அளவும், திருகுப் புரியும், வகையும் ஒத்திருக்க வேண்டும்.

9. விசிறி சுழன்றும் கார் சூடேறினால்

விசிறி சரியான பக்கம் சுழல்கின்றதா? விசிறி றேடியேற்றருக்குப் பின்னால் இருந்தால், அது முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். றேடியேற்றரின் முன்பக்கத்தில் ஒரு கொப்பித் தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளப்பட்டால் வயர்கள் மாறியுள்ளன.

றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே வயற் தூசும் பூச்சிகளும் அடைத்துள்ளனவா? எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். விசிறியைச் சுற்றியுள்ள கூட்டை யாரும் கழற்றி எறிந்திருந்தால் காற்று றேடியேற்றரூடாக வராமல் பக்கத்தால் சுற்றும். அதை மீண்டும் பொருத்துங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு இயக்கும்போது தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால், அல்லது எஞ்சின் ஒயில் பாற்தேநீர் போல் மாறியிருந்தால், ஹெட் காஸ்கற் எரிந்திருக்கலாம். மேலும் ஓட்டாமல் கராச்சுக்குக் கொண்டு செல்லுங்கள்.

10. விசிறி நிற்காமல் சுழன்றால்

எஞ்சின் நின்றபின் சில நிமிடங்கள் சுழன்று தானே நிற்பது சில கார்களின் இயல்பு. நிற்காமலே சுழன்றால் இரவோடு பற்றறி இறங்கிவிடும். றிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; முதலாம் வகைச் சுவிச் மூடியபடி நின்றிருக்கலாம்; இரண்டாம் வகையில் சுவிச்சின் வயர் கழன்றிருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். றிலேயைக் கழற்றியும் விசிறி ஓடினால் வயரில் பிழையான தொடுப்பு உண்டு.

11. வழியில் சூடேறினால்

ஊசி சிவப்பை நெருங்கினால், ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட்ட வேண்டாம். ஏசி எனப்படும் வளிச்சீராக்கியை நிறுத்தி, நிழலில் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். பொனற்றைத் திறந்து ஆறவிடுங்கள். சூடான எஞ்சினின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையலாம் அல்லது வெடிக்கலாம். ஆறிய பின்னர் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்.

விசிறி மட்டுமே பழுது, மோட்டார் நல்லது என்று தெரிந்தால், மூன்றாம் படியிற் கூறியபடி பியூஸ் வைத்த வயரால் விசிறியை நேரடியாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். காரை நிறுத்தியதும் வயரைக் கழற்ற மறக்க வேண்டாம். சிலர் டாஷ்போட்டில் ஒரு கை சுவிச் பொருத்தி அதையே நிரந்தரமாக்கி விடுகின்றனர். இரவு அவசரத்தில் நோயாளியுடன் ஓடும் சாரதி அதைப் போட மறந்தால் எஞ்சின் போய்விடும். ஆகவே இதை வீடு சேரும் வழியாக மட்டும் கொள்வோம்.

12. நெடுங்காலம் நின்ற கார்

வீட்டை விட்டுப் போனபோது கைவிட்ட காரையோ, பல ஆண்டுகள் கொட்டிலில் நின்ற காரையோ மீண்டும் ஓட்ட விரும்புவோர் உளர். எஞ்சினை இயக்குமுன் எலி கடித்த வயர்களைத் தேடுங்கள். விசிறியைக் கையால் சுற்றுங்கள். பியூஸ் முனைகளையும் ஏர்த் மூட்டுகளையும் உரசுங்கள். தண்ணீர்க் குழாய்களை அழுத்திப் பாருங்கள்; வெடிப்பிருந்தால் மாற்றுங்கள். பின்னர் காரை நிறுத்தியபடியே ஓடவிட்டு, விசிறி தானாகத் தொடங்கி, தானாக நிற்கும்வரை பக்கத்தில் நின்று கவனியுங்கள். அதைக் காணாமல் தெருவில் இறக்க வேண்டாம்.

13. எந்தத் தண்ணீர்?

குடாநாட்டின் கிணறுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. கேத்தலின் உள்ளே படியும் வெண்படை றேடியேற்றரிலும் படியும். அப்படை வெப்பச் சுவிச்சின் மேலும் மூடினால் சுவிச் தாமதமாகவே சூட்டை உணரும். கடலோர உவர்த் தண்ணீரோ உலோகத்தையே அரிக்கும். ஆகவே சுத்தமாகச் சேர்த்த மழைநீர் நல்லது. அதுவும் இல்லாவிட்டால், நன்னீர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறி அடையவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்தெடுங்கள். இதனால் சுண்ணாம்பின் ஒரு பகுதி நீங்கும். கூலன்ற் வாங்க முடிந்தவர்கள் போத்தலிற் கூறிய அளவில் கலந்தால் துருவும் குறையும்.

14. கராச்சுக்குப் போகும்போது

இத்தனையும் செய்தும் பழுது அகப்படாவிட்டால், அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டியிருந்தால், மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்: எப்போது சூடேறுகின்றது, பியூஸ் எப்படி, நேரடியாகத் தொடுத்தால் மோட்டார் ஓடியதா, சுவிச்சைத் தொடுத்தபோது என்ன நடந்தது. நல்ல மெக்கானிக் இதை வரவேற்பார். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். மாற்றிய பழைய உதிரிப்பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் நான்கைந்து பழைய கார்கள் இருந்தால், இளைஞரும் யுவதிகளும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதில் ஒரு காரை வைத்து இப்பாடத்தைச் செய்து பார்க்கலாம். ஒரு சோதனை விளக்கு எல்லோருக்கும் போதும். காரை ஓட்டுபவர் மட்டுமன்றி, அதில் ஏறும் குடும்பத்தில் இன்னொருவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

குழுவாகக் கலந்துரையாட

1. கார் ஓடும்போது சூடேறுவதற்கும் நிற்கும்போது சூடேறுவதற்கும் உள்ள வேறுபாடு எதைக் காட்டுகின்றது?

2. வெப்பச் சுவிச்சின் இரு வகைகளையும் எவ்வாறு பிரித்தறிவீர்கள்?

3. சோதனை விளக்கு எரிந்தும் விசிறி ஓடாமல் இருப்பது எவ்வாறு?

4. எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றினால் என்ன நேரும்?

5. உங்கள் ஊரில் உள்ள கிணறுகளில் எதன் தண்ணீர் கேத்தலில் குறைந்த படையை விடுகின்றது? அதை எவ்வாறு சேமித்து வைக்கலாம்?